கிழிஞ்ச பட்டாம்பூச்சி – ஒரு கடிதமும் பதிலும்

அக்கா, வணக்கம். எங்க எம்ப்ராய்டரி குரூப்ல 14 பேர் இருக்கோம், மாசம் ஒரு தடவை கூடித் தைப்போம். எப்பவும் துணிதானே, ஒரு மாறுதலுக்குப் பேப்பரையும் சேர்த்து ஒர்க்‌ஷாப் நடத்தலாம்னு நான்தான் ஆசைப்பட்டுச் சொன்னேன். முதல் ஒர்க்‌ஷாப்ல எல்லாருக்கும் ஒரு வாழ்த்து அட்டையும் ஒரு பட்டாம்பூச்சி டிசைனும் கொடுத்து, றெக்கையை சாடின் ஸ்டிட்ச்ல, அதான் இடைவெளி விடாம நெருக்கிப் போடற தையல்ல, நிரப்பச் சொன்னேன். ஒரு மணி நேரத்துல பாதிப் பேரோட அட்டை கிழிஞ்சுடுச்சு. ரொம்ப வருஷமாத் தைக்கிற ஒரு பெரியம்மா, "இது ஸ்கூல் பிள்ளைங்க வேலை, எம்ப்ராய்டரி இல்ல"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாங்க. அடுத்த ஒர்க்‌ஷாப் வைக்கிறதா, இதோட விட்டுடறதா? நான் எங்க தப்பு பண்ணேன்?

– ஒரு வாசகி

வணக்கம். விடாதீங்க. ஆனா அந்தப் பட்டாம்பூச்சியை விட்டுடுங்க.

உங்க கடிதத்தைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, ஏன்னா நானும் இதே கிணத்துலதான் விழுந்தேன். முதல்முதலா பேப்பர்ல தைச்சப்ப ஒரு இலைக்கு சாடின் ஸ்டிட்ச் போட்டேன், நல்லா நெருக்கி நெருக்கி, துணியில போடற மாதிரியே, கடைசித் தையலை இழுத்ததும் அந்த இலை மொத்தமா ஸ்டாம்ப் கிழியற மாதிரி கழண்டு நூலோட கையில வந்துடுச்சு. ஸ்டாம்ப் ஓரத்துல வரிசையா ஓட்டை போடறதே கிழிக்கறதுக்குத்தானே, நானும் அதைத்தான் பண்ணியிருக்கேன். துணியில ஊசி இழைங்களுக்கு நடுவுல புகுந்து வருது, பிரிச்சுட்டு லேசா நீவிவிட்டா ஓட்டை மூடிக்கும். பேப்பர்ல போட்ட ஓட்டை போட்டதுதான், மூடவே மூடாது.

அதனால அடுத்த ஒர்க்‌ஷாப்பை கிழிக்கிற ஒர்க்‌ஷாப்பாவே வைங்க. நிஜமாத்தான் சொல்றேன். டிசைன் எதுவும் கொடுக்காதீங்க, ஆளுக்கு நாலு வகைப் பேப்பர்ல உள்ளங்கை அளவுத் துண்டு கொடுங்க, பிரிண்டர்ல போடற 80 ஜிஎஸ்எம் பேப்பர் (ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் பேப்பரோட கிராம் எடை), 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் பேப்பர், பிரவுன் பேப்பர், டிஷ்யூ. ஒவ்வொண்ணுலயும் ஓட்டைகளை முதல்ல 5 மில்லிமீட்டர் தள்ளித் தள்ளிப் போடணும், அப்புறம் 3, அப்புறம் 1, எங்க கிழியுதுன்னு அவங்களே பார்க்கட்டும். கிழியணும்னே உட்கார்ந்தவங்களுக்குக் கிழிஞ்சா ஏன் மனசு கஷ்டப்படப்போகுது? நீங்க அன்னிக்கு ஒரு டிசைனைக் கொடுத்து இதே மாதிரி வரணும்னு உட்கார வச்சீங்க பாருங்க, அதனாலதான் கிழிஞ்ச ஒவ்வொரு அட்டையும் ஆளுக்கு ஒரு அவமானமாயிடுச்சு. தப்புன்னா அது ஒண்ணுதான்.

தைக்கிற முறையும் கொஞ்சம் மாறணும். ஓட்டையை எல்லாம் முன்னாடியே போட்டுடுங்க, அட்டைக்கு அடியில மடிச்ச கம்பளித் துணியோ பழைய மவுஸ்பேடோ வச்சு, முன்பக்கத்துலேருந்து குத்தணும். இதைப் பண்ணாம பின்பக்கத்துலேருந்து ஊசியால தேடித் தேடிக் குத்தினா முன்னாடி அம்மைத் தழும்பு மாதிரி ஆயிடும். துணியை இழுத்துப் பிடிக்கிற வளையம் இருக்கே, அந்த ஹூப் போடவே போடாதீங்க, மடிப்பு விழுந்துடும், அப்புறம் போகவே போகாது. ரெண்டு இழை, அதிகம் போனா மூணு இழை போதும். நூலைப் பக்கவாட்டுல இழுத்தா ரம்பம் மாதிரி ஓட்டை ஓரத்தை அறுத்துடும், அதனால நேரா மேல தூக்கி இழுக்கணும். முடிச்சு போட்டா முன்னாடி புடைச்சுக்கிட்டு நிக்கும், பின்னாடி ஒரு துண்டு டேப் ஒட்டிட்டா முடிஞ்சது. கோடு மாதிரிப் போடற பேக் ஸ்டிட்ச், ஸ்டெம் ஸ்டிட்ச் எல்லாம் அழகா வரும். ஊசியில நூலைச் சுத்திக் குட்டிப் புள்ளியாப் போடற பிரெஞ்சு நாட் பாதி நேரம் ஓட்டைக்குள்ளயே போய் ஒளிஞ்சுக்கும், அந்த இடத்துல ஒரு மணியைக் கோத்து விட்டுடுங்க. மெஷின்ல தைக்கறதுன்னா தையலைப் பெருசு பண்ணிக்கணும், ஆரம்பத்துலயும் முடிவுலயும் ரிவர்ஸ் போடக்கூடாது. ஊசி பழசே போதும், பேப்பர்ல ஓடின ஊசி எப்படியும் மழுங்கிடும், அதைத் திரும்பப் பட்டுத்துணிக்கு எடுத்துட்டுப் போயிடாதீங்க.

இப்ப அந்தப் பெரியம்மா. அவங்க கோபத்துல ஒரு நியாயம் இருக்கு, இத்தனை வருஷம் கை பழகின வேலை எதுவும் அன்னிக்கு அவங்களுக்கு உதவல. ஆனா பேப்பர் எம்ப்ராய்டரிக்கு அந்நியம்னு மட்டும் சொல்லாதீங்கன்னு சொல்லுங்க. 19ஆம் நூற்றாண்டு நடுவுல மரக்கூழ் வர்ற வரைக்கும் ஐரோப்பாவுல பேப்பரே பெரும்பாலும் கந்தல் துணியை ஊறவச்சு அடிச்சுத்தான் செஞ்சாங்க, இன்னிக்கும் நல்ல வாட்டர்கலர் பேப்பர் முழுக்கப் பருத்திதான். அதே நூற்றாண்டுல வரிசையா ஓட்டை போட்ட அட்டையில தைச்சு புக்மார்க் பண்றது பெரிய மோகமாவே இருந்துச்சு. ஜப்பான்ல பேப்பரைக் கசக்கிக் கசக்கி மெத்துன்னு ஆக்கி உடுப்பே தைச்சுப் போட்டுக்கிட்டாங்க, 'கமிகோ'ன்னு பேரு.

எனக்குப் பிடிச்ச ஆள் மேரி டெலனி. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரங்க, எம்ப்ராய்டரியில கெட்டிக்காரி, தன்னோட அரசவை உடுப்புக்குத் தானே பூ டிசைன் போட்டவங்க. 70 வயசுக்கு மேலதான் கலர் பேப்பரைக் கத்தரிச்சுக் கறுப்புப் பின்னணியில ஒட்டி, பூக்களை இதழ் இதழா உருவாக்க ஆரம்பிச்சாங்க. கண்பார்வை மங்கி நிறுத்தறதுக்குள்ள 985 பூ, இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. தையல் பழகின கண்ணுதான் அதைச் செஞ்சிருக்கும்னு பார்த்தாலே தெரியும், நிழல் விழற இடத்துல நூல் மாத்தற மாதிரி பேப்பர் நிறத்தை மாத்தியிருப்பாங்க.

சும்மா கதை சொன்னா மட்டும் பெரியம்மா வரமாட்டாங்க, அதனால மூணாவது ஒர்க்‌ஷாப்பை அவங்களுக்காகவே வைங்க. ஒரு பிளாஸ்டிக் ஷீட்டு மேல மெல்லிய மஸ்லின் விரிச்சு, ஃபேப்ரிக் க்ளூ இருக்கே அந்த வெள்ளைப் பசை, அதுல பாதித் தண்ணி கலந்து தடவி, மேல டிஷ்யூ பேப்பர் துண்டுங்களைக் கிழிச்சு ஒட்டி, அது மேலயும் பசை தடவி ராத்திரி முழுக்கக் காயவிடுங்க. மறுநாள் உரிச்சா பாதி துணி பாதி பேப்பரா ஒரு ஷீட் வரும், அதுல எந்தத் தையலும் போடலாம், சாடின் உட்பட, அவ்வளவு சுலபத்துல கிழியாது. அன்னிக்கு சாடின் ஸ்டிட்ச் சொல்லித்தர்ற வேலையை அவங்ககிட்டயே கொடுத்துடுங்க, நீங்க பசை கலக்குங்க.

அப்புறம் அந்தக் கிழிஞ்ச அட்டைங்களை எல்லாம் தூக்கிப் போட்டுட்டீங்களா? இன்னும் இருந்தா றெக்கை விழுந்த ஓட்டைக்குப் பின்னாடி ஒரு கலர்த் துணியை ஒட்டி, ஓட்டையோட ஓரத்துலேருந்து 4 மில்லிமீட்டர் தள்ளி ஒரு சுத்து பேக் ஸ்டிட்ச் போட்டுப் பாருங்க. எப்படி வந்துச்சுன்னு எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க.