மழை பெஞ்சும் உழுந்து ஏன் விலை?

கேள்வி: வவுனியாவில இருக்கிற மாமி இந்த முறை நல்ல மழை என்டு சொல்லுறா, ஆனா இங்க உழுந்து விலையக் கேட்டா நெஞ்சடைக்குது. மைசூர் பருப்பும் அப்பிடித்தான். கேட்டா கடைக்காரர் காலநிலை மாற்றம் என்டுறார். மனுசன் சாட்டுச் சொல்லுறாரோ?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, மழை எப்ப பெஞ்சது என்டு மாமிட்ட கேட்டீங்களா? உழுந்து பெரும்போகத்தில, அதான் மாரி மழையோட தொடங்கிற போகத்தில, விதைச்சு மூண்டு மாசத்துக்குள்ள பிடுங்கிற பயிர், முளைக்கேக்க மழை வேணும், காய் கறுத்துக் காயிற நேரம் ஒரு சொட்டும் வேண்டாம். ஒரு தை மாசம் செட்டிகுளம் பக்கம் சொந்தக்காரர் வீட்டில ஒரு காயை உரிச்சுக் காட்டினவை, செடியில நிக்கிற காய்க்குள்ளயே மணியெல்லாம் முளைச்சு வெள்ளை வால் விட்டுக் கிடந்தது. மூண்டு நாள் விடாத மழை, அவ்வளவுதான். முந்தியும் இப்பிடி நடந்ததுதான், ஆனா சூடான காத்து கூடுதலான ஈரத்தைச் சுமக்கிறதால இப்ப பெய்யிற மழை ஒரேயடியாக் கொட்டுது. தண்ணி தேங்கினா வேருக்குக் காத்தில்ல, வேர்முடிச்சில இருக்கிற பக்டீரியா காத்தில இருக்கிற நைதரசனைப் பயிருக்குப் பிடிச்சுக் குடுக்கிறதும் நிண்டிடும்.

வெயில் கூடினா வேற கரைச்சல். பூ கொட்டும், வெள்ளை ஈ பெருகும், அது காவிற வைரசால இலையெல்லாம் மஞ்சள் மஞ்சளா வரும், பயறுக்கும் இதே கதிதான்.

மைசூர் பருப்பு எங்கட மண்ணில விளையிறதில்ல, கூடுதலா வாறது கனடாவில இருந்தும் அவுஸ்திரேலியாவில இருந்தும்தான். 2021ல கனடாவில வெக்கையும் வறட்சியும் சேந்து அடிச்சதில, அதுக்கு முந்தின வருசம் 28 லட்சம் தொன்னுக்கு மேல வந்த விளைச்சல் 16 லட்சம் அளவுக்கு இறங்கிட்டுது. கனடாவில பருப்பு விளையிற சஸ்காச்சுவான் மாகாணத்தில மழை இல்லையென்டா புறக்கோட்டை மூட்டையில விலை ஏறும், நம்பவே ஏலாது, ஆனா அப்பிடித்தான்.

அதுக்காக எல்லாப் பழியையும் வானத்தில போடவும் ஏலாது. 2020ல அரசாங்கம் உழுந்து இறக்குமதிய நிப்பாட்டின பிறகு விலை ஏறினது ஞாபகம் இருக்கும்தானே, அது மழை செய்த வேலை இல்ல. பிறகு டொலர் விலை வேற. ஆகவே உங்கட கடைக்காரர் சொன்னது பாதி உண்மை, மிச்சப் பாதிய அவரிட்டயே கேளுங்கோ.

அடுத்த முறை வாங்கேக்க ஒரு பிடி அள்ளி மணந்து பாருங்கோ. மழையில நனைஞ்ச உழுந்தில ஒரு புழுங்கல் மணம் வரும், தோசைக்கு அரைச்சா மா பொங்காது.