கப்பலில் எட்டு மணி டின்னருக்கும் 56,851 ரூபாய்க்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம். மாமனாருக்குச் சதாபிஷேகம் முடிந்த கையோடு, மே மாதம் குடும்பத்தோடு சிங்கப்பூர் போய் அங்கிருந்து நான்கு இரவு கப்பலில் போய்வர ஏற்பாடு. ஒரு அமெரிக்கக் கம்பெனியின் கப்பல். பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும். மாமனார், மாமியார், நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், நாத்தனார், அவர் கணவர் என்று எட்டுப் பேர், நான்கு கேபின். விமான டிக்கெட்டோடு சேர்த்து 7,60,000 ரூபாயை 2025 நவம்பரிலேயே என் கணவர் பெயரில் கட்டியாகிவிட்டது. அதற்கு மேல் டிசிஎஸ் என்று 38,000 வாங்கினார்கள். இப்போது ஏஜென்ட், ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தினமும் ஒரே நேரம் வேண்டுமா, நினைத்த நேரத்தில் போய்ச் சாப்பிடும் வசதி வேண்டுமா என்று கேட்கிறார். முதலாவது இலவசமாம், இரண்டாவதற்கு 56,851 ரூபாயாம். "லீவில் போய் மணி பார்த்துச் சாப்பிடுவதா, கட்டிவிடலாம்" என்கிறார் கணவர். மாமனார் இன்சுலின் போட்டுக்கொள்பவர். மாமியார் வெங்காயம், பூண்டு தொடமாட்டார். கட்டலாமா சார்? அந்த 38,000 போனது போனதுதானா? கொட்டேஷனை இணைத்திருக்கிறேன்.

பதில்: கொட்டேஷனை அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அதில் உள்ள வரிகள் இவை: "ஃப்ளெக்ஸி டைனிங், ப்ரீபெய்ட் டிப்ஸ் உட்பட, 8 பேர், 4 இரவு: 54,144. ஜிஎஸ்டி 5%: 2,707. மொத்தம்: 56,851."

உங்கள் கணவர் முதல் இரண்டு சொற்களைப் பார்த்திருக்கிறார். பணம் அடுத்த மூன்று சொற்களில் இருக்கிறது. நீங்கள் கட்டப்போவது சாப்பாட்டு நேரத்துக்கான கட்டணம் இல்லை, கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ். பெரிய கப்பல்களில் இந்த டிப்ஸ் ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை இருக்கும். கேபின் கணக்கில் தினமும் தானாக ஏறிவிடும். ஆறு மணிக்குச் சாப்பிட்டாலும் ஏறும், எட்டு மணிக்குச் சாப்பிட்டாலும் ஏறும், டைனிங் ஹால் பக்கமே போகாமல் பஃபேயில் சாப்பிட்டாலும் ஏறும். ஆகவே 'இலவசம்' என்று சொல்லப்பட்ட முதல் வழியிலும் இதே டிப்ஸ் உங்களிடமிருந்து போகத்தான் போகிறது. கப்பலை விட்டு இறங்கும்போது கார்டில் போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சாப்பாட்டு நேரத்தையும் டிப்ஸையும் ஏன் ஒன்றாக முடிச்சுப் போட்டார்கள் என்றால், அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. ஒரே நேரம், ஒரே மேஜை என்றால் எல்லா இரவும் பரிமாறுகிறவரும் ஒருவரே. கடைசி ராத்திரி ஒரு கவரில் போட்டு அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். நினைத்த நேரத்தில் சாப்பிடும் முறை வந்தபோது தினம் ஒரு மேஜை, தினம் ஒரு ஆள் என்றாகி, யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற குழப்பம் வந்தது. அதனால் அந்த முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் டிப்ஸை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று சில கம்பெனிகள் விதி வைத்தன. இப்போது எல்லோருக்குமே தானாக ஏறுவதால் அந்த விதிக்குப் பெரிதாக வேலை இல்லை. உங்கள் கப்பலில் அது இன்னும் இருக்கிறதா என்று கம்பெனியின் நிபந்தனைகளைக் காட்டச் சொல்லி ஏஜென்டிடம் மெயிலில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் "ஆமாம் மேடம், கம்பல்சரி" என்று வரும் பதில் போதாது.

அப்புறம் அந்த 54,144. எட்டுப் பேர், நான்கு இரவு, ஆளுக்கு 18 டாலர் என்று போட்டால் 576 டாலர் வருகிறது. 54,144-ஐ 576-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 94. அதாவது டாலர் 90 ரூபாயை ஒட்டி இருக்கும்போது ஏஜென்ட் உங்களுக்கு 94 போட்டிருக்கிறார். 90-க்குப் போட்டால் தொகை 51,840 தான். மீதி 2,304 அவருடைய மார்ஜின், அதன் தலையில் ஜிஎஸ்டி. இதில் தவறு ஒன்றும் இல்லை, அவரும் கடை நடத்த வேண்டும். ஆனால் பேரம் பேச இடம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் இருவருக்கும் முழு டிப்ஸ் போட்டிருப்பதையும் கேளுங்கள். சில கம்பெனிகளில் சிறு பிள்ளைகளுக்குக் குறைவு, சிலவற்றில் எல்லா வயதுக்கும் ஒரே தொகை.

சரி, பணத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்தைப் பார்ப்போம். உங்கள் குடும்பத்துக்கு ஒரே நேரம்தான் சரி என்பது என் எண்ணம். அதிலும் இரண்டாவது பந்தி, எட்டு மணிவாக்கில் வருவது.

முதல் பந்தி ஐந்தரை, ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே மாலை ஐந்தரை என்றால் செம்பூரில் பிற்பகல் மூன்று. மத்தியானச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைக்கும் நேரத்தில் டின்னருக்கு உட்காரச் சொன்னால் யாருக்குப் பசிக்கும்? பசிக்காமல் இரண்டு வாய் கொறித்துவிட்டு எழுந்தால், இன்சுலின் போட்டுக்கொண்டவருக்குச் சர்க்கரை இறங்கும் அபாயம் இருக்கிறது. எட்டு மணிப் பந்தி என்றால் நம் கணக்கில் ஐந்தரை. அதுவும் சீக்கிரம்தான், ஆனாலும் ஓரிரு நாளில் உடம்பு பழகிவிடும். எப்படியும், இந்த இரண்டரை மணி வித்தியாசத்துக்கு ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று கிளம்பும் முன் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாடு தினமும் இந்த மணிக்குத்தான் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் அவருக்கும் எழுதிக்கொடுப்பது எளிது. "எப்போது இடம் கிடைக்கிறதோ அப்போது" என்று சொன்னால் அவர் என்ன எழுதுவார்? பிள்ளைகளுக்கு எட்டு மணி வரை தாங்காது என்றால் சாயங்காலம் பஃபேயில் ஏதாவது கொடுத்துவிடலாம், அது டிக்கெட் விலையிலேயே சேர்ந்தது. புக்கெட்டில் ஊர் சுற்றிவிட்டு அலுத்துத் திரும்பும் நாளிலும் குளித்து உடை மாற்ற நேரம் இருக்கும்.

உங்கள் மாமியார் விஷயத்தில்தான் ஒரே மேஜையின் அருமை தெரியும். வெங்காயம், பூண்டு இல்லாத சாப்பாடு வேண்டும் என்பதைப் பயணத்துக்குப் பல வாரங்கள் முன்பே ஏஜென்ட் மூலம் கம்பெனிக்குத் தெரிவித்துவிட வேண்டும். முதல் இரவு மேஜையில் உட்கார்ந்ததும் ஹெட் வெய்ட்டரைக் கூப்பிட்டு மறுபடி ஒருமுறை சொல்லுங்கள். இப்படிப்பட்டவர்களுக்குப் பல கப்பல்களில் அவர் மறுநாள் மெனுவை அன்றைக்கு ராத்திரியே கொண்டுவந்து காட்டுவார். இந்த சூப்பில் பூண்டு, இதில் இல்லை, இந்தப் பருப்பைத் தனியாகத் தாளிக்கச் சொல்கிறேன் என்று வரிவரியாக விரல் வைத்துப் பேசி முடிவு செய்துவிடலாம். மறுநாள் போய் உட்காரும்போது தட்டு தயாராக இருக்கும். இந்த வேலையில் கோவாக்காரர்களும் மும்பைக்காரர்களும் நிறைய இருக்கிறார்கள். சமயத்தில் மாமியாருக்கு மொழிப் பிரச்சினைகூட இருக்காது. தினம் ஒரு மேஜை என்றால் இந்தக் கதையைத் தினம் ஒருவருக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

நினைத்த நேரம் என்ற முறை மோசம் என்று சொல்லவில்லை. இரண்டு பேர், நான்கு பேர், அதுவும் மாலையில் நாடகம், பாட்டு என்று அலைகிறவர்களுக்கு அது நல்ல வசதி. நார்வீஜியன் குரூஸ் லைன் 2000-இல் 'ஃப்ரீஸ்டைல்' என்ற பெயரில் அதைப் பெரிதாகக் கொண்டுவந்த பிறகு மற்றவர்களும் பின்தொடர்ந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் எட்டுப் பேர் ஒரே மேஜையில் வேண்டும் என்று ஏழு மணிக்குப் போய் நிற்பது, மாட்டுங்கா கல்யாண மண்டபத்தில் முதல் பந்தியில் எட்டு இலை சேர்ந்தாற்போல் பிடிப்பது மாதிரி. காத்திருக்கச் சொல்வார்கள், இல்லாவிட்டால் நாலும் நாலுமாகப் பிரித்து உட்கார வைப்பார்கள்.

நிதி ஆலோசகனாக எனக்குப் பயம் அந்த இருபது நிமிடக் காத்திருப்பில்தான். பிள்ளைகள் சிணுங்கும், மாமனார் கடிகாரத்தைப் பார்ப்பார், உங்கள் நாத்தனார் கணவர் "பக்கத்தில் ஒரு ரெஸ்டாரன்ட் காலியாக இருக்கிறதே" என்பார். அது தனிக் காசு. ஆளுக்கு 50 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதன் மேல் 18% சர்வீஸ் சார்ஜ் வரும். எட்டுப் பேருக்கு 472 டாலர், அதாவது 42,480 ரூபாய், ஒரே ராத்திரியில். மெனு முழுக்க மாட்டிறைச்சியும் நண்டுமாக இருக்கும் இடத்தில் மாமியார் உருளைக்கிழங்கு மசியலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உங்களுக்கு ஏஜென்ட் சொன்னதல்ல, இதுதான் நினைத்த நேரச் சாப்பாட்டின் உண்மையான செலவு. ஆசைப்பட்டு ஒருநாள் போவதென்றால் அதை இப்போதே பட்ஜெட்டில் எழுதிவிட்டுப் போங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை.

இன்னொரு சின்ன வேலை, ஆனால் நிறையப் பேர் கோட்டை விடுவது. நான்கு கேபின் என்றால் நான்கு புக்கிங் எண்கள் இருக்கலாம். அவற்றை ஒன்றோடொன்று இணைத்து ஒரே மேஜை கேட்கச் சொல்லுங்கள். இணைக்காவிட்டால் நீங்கள் ஹாலின் ஒரு மூலையிலும் மாமனார், மாமியார் இன்னொரு மூலையிலும் உட்கார நேரும். எட்டு மணிப் பந்தியில் இடம் இல்லை, காத்திருப்போர் பட்டியல் என்றாலும் கவலை வேண்டாம். கப்பல் ஏறிய அன்று மத்தியானமே டைனிங் ஹால் வாசலில் இதற்கென்று ஆள் இருப்பார். இன்சுலின் விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் மாற்றிக் கொடுப்பார்கள். அதற்குக் காசு கிடையாது.

இனி, டிப்ஸை எப்போது, எப்படிக் கட்டுவது? ஏஜென்ட் வழியாகக் கட்டினால் உண்மைத் தொகையைவிட 5,011 ரூபாய் கூடுதல். கப்பலில் சாதாரண கிரெடிட் கார்டைத் தேய்த்தால் பெரும்பாலான வங்கிகள் 3.5% அந்நியச் செலாவணி மார்க்அப் என்ற கூடுதல் கட்டணம் போட்டு, அந்த மார்க்அப் மேல் 18% ஜிஎஸ்டியும் போடும். சேர்த்து 4.13%, உங்கள் தொகைக்கு 2,141 ரூபாய். மார்க்அப் இல்லாத கார்டு வீட்டில் யாரிடமாவது இருந்தால் அதுவும் மிச்சம். மே வரை அந்தப் பணம் வங்கியில் ஆறரை சதவீதத்தில் கிடந்தால் ஓர் ஆயிரத்துச் சொச்சம் வட்டி வரும். மறுபக்கம், ரூபாய் சரிந்து டாலர் 93 ஆனால் 1,728 கூடும். கம்பெனி டிப்ஸை உயர்த்தினாலும் கூடும். ஆக எந்தப் பக்கம் போனாலும் சில ஆயிரங்கள்தான். நானாக இருந்தால் கப்பலிலேயே கட்டுவேன். ஏஜென்ட் 90-க்கு இறங்கி வந்து, கம்பெனியின் புக்கிங் ரசீதிலேயே 'டிப்ஸ் கட்டியாகிவிட்டது' என்று காட்டினால் அவரிடமே கட்டி நிம்மதியாக இருப்பதிலும் தவறில்லை. ரசீதில் இல்லாவிட்டால் கப்பலில் மறுபடியும் ஏறும், பிறகு போராட வேண்டும்.

சில கப்பல்களில் கஸ்டமர் கவுன்டரில் சொன்னால் டிப்ஸைக் குறைப்பார்கள், நீக்கவும் செய்வார்கள் என்று யாராவது உங்களுக்கு யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். ஏழு லட்சத்து அறுபதாயிரம் செலவழித்துவிட்டு, மாதக்கணக்கில் குடும்பத்தை விட்டு வந்து தட்டு எடுக்கிறவரிடம் மிச்சம் பிடிப்பது எனக்குப் பிடிக்காத கணக்கு.

கார்டை இணைக்கும்போது இரண்டு எச்சரிக்கை. டெபிட் கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ கொடுத்தால் கப்பல்காரர்கள் ஒரு தொகையைப் பிடித்துவைத்து, விடுவிக்க நாட்கள் எடுத்துக்கொள்ளலாம். கிரெடிட் கார்டுதான் நல்லது. "ரூபாயிலேயே கழிக்கட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம், டாலரிலேயே கழியுங்கள் என்று சொல்லுங்கள். ரூபாயில் மாற்றித் தருவது அவர்கள் வைக்கும் விலை. பிள்ளைகளின் அறைக் கார்டில் செலவு வசதியை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். வீடியோ கேம் கூடத்தில் தேய்ப்பதெல்லாம் உங்கள் கணக்கில்தான் வந்து உட்காரும்.

கடைசியாக அந்த 38,000. அது செலவே இல்லை, உங்கள் கணவர் பெயரில் முன்கூட்டி வசூலித்த வருமான வரி. 2025-26 நிதியாண்டில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜுக்கு 10 லட்சம் வரை 5% டிசிஎஸ். 7,60,000-க்கு 38,000 சரியான கணக்குதான். வருமான வரித் தளத்தில், அவர் பெயரில் பிடித்த வரியையெல்லாம் காட்டும் படிவம் 26ஏஎஸ்-ஐத் திறந்து பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வசூலுக்கு ஏஜென்ட் ஜனவரி 15-க்குள் கணக்குத் தாக்கல் செய்திருக்க வேண்டும், ஆகவே இந்நேரம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், பான் எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டார்களா என்று உடனே விசாரியுங்கள்.

உங்கள் கணவர் சம்பளக்காரர் என்றால் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. 12பிஏஏ என்ற படிவத்தில் இந்தத் தொகையை எழுதி அலுவலகக் கணக்குப் பிரிவில் கொடுத்தால், சம்பளத்தில் பிடிக்கும் டிடிஎஸ்ஸில் அதைக் கழித்துக்கொள்வார்கள். 2024 அக்டோபரிலிருந்து இந்த வசதி இருக்கிறது. மார்ச் சம்பளத்துக்கு முன்பாகக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். கப்பல் டிப்ஸுக்கான பணத்தில் முக்கால்வாசி அதிலிருந்தே வந்துவிடும்.