நெருப்பில்லாமல் புகையுமா?

(துணைமின் நிலையப் பராமரிப்பில் காலம் கழித்து ஓய்வுபெற்ற பெண் பொறியாளர், வாசகர்களின் மின்சாரக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: மேடம், ஒரு மின்தொடரமைப்பு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டினேன். ‘எங்கள் கரிம உமிழ்வு’ என்று ஒரு பகுதி இருக்கிறது. கோபுரம் நட்டுக் கம்பி இழுக்கிறவர்களுக்கு ஏது புகை? – கல்லூரி மாணவர்

பதில்: புகையே வராது தம்பி. வருவது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் எட்டாது. உயர் மின்னழுத்த லைனில் பிரேக்கர், அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச், திறக்கும்போது இரண்டு முனைகளுக்கும் நடுவே ஆர்க் என்கிற மின்பொறி பாயும். அதை அணைக்கப் பிரேக்கருக்குள் சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு வாயுவை அடைத்து வைத்திருப்போம். எங்கள் பேச்சில் எஸ்எஃப்6. தீப்பிடிக்காது, எளிதில் சிதையாது. அந்தக் குணமே வெளியே கசிந்தால் வினையாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் 1 கிலோ எஸ்எஃப்6 சுமார் 23,500 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 1997 கியோட்டோ ஒப்பந்தம் கட்டுப்படுத்தச் சொன்ன ஆறு வகை வாயுக்களில் இதுவும் ஒன்று.

என் கதையைச் சொல்கிறேன். ஒரு பிரேக்கரில் அடிக்கடி வாயு அழுத்த அலாரம் அடிக்கும். சிலிண்டரை மாட்டி வாயு ஏற்றுவோம், அலாரம் நிற்கும். பதிவேட்டில் ‘வாயு நிரப்பப்பட்டது, இயல்பு நிலை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவோம். மூன்றாவது தடவை எங்கள் டெக்னீஷியன் கேட்டார்: “ஏம்மா, போட்ட கேஸெல்லாம் எங்கம்மா போகுது?” எனக்குச் சுருக்கென்றது. அன்றுதான் முதல்முறையாகச் சிலிண்டரை எடைமேடையில் ஏற்றினோம். நிரப்பும் முன் ஒரு எடை, பின் ஒரு எடை. வித்தியாசம் 3 கிலோ. பாகங்கள் இணையும் விளிம்பான ஃபிளாஞ்சைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைத் தடவினால், ஓரிடத்தில் குமிழ் குமிழாய்ப் பொங்குகிறது. உள்ளே இருந்த ரப்பர் வளையம் விரிசல் விட்டிருந்தது. 3 கிலோ என்றால் கரியமில வாயுக் கணக்கில் 70 டன். நாங்கள் ‘இயல்பு நிலை’ என்று எழுதியது அதைத்தான்.

ஆகவே அறிக்கையில் மரம் நடும் படங்களைத் தாண்டிப் போங்கள். எத்தனை கிலோ வாயு கையிருப்பு, எத்தனை கிலோ நிரப்பினார்கள் என்று இருக்கிறதா பாருங்கள். அது இல்லையென்றால் மற்றதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கேள்வி: அந்த வாயுவை உள்ளிழுத்தால் குரல் கட்டையாகுமாமே? – பள்ளி மாணவி

பதில்: ஆகும். காற்றைவிட ஐந்து மடங்கு கனம். ஆனால் அதே கனத்தால் பள்ளத்தில் தேங்கி மூச்சை அடைக்கும். கேபிள் பள்ளத்தில் இறங்கும் முன் ஆக்சிஜன் அளவைப் பார்க்காமல் நாங்கள் இறங்கியதில்லை. விளையாட்டு வேண்டாம் கண்ணு.

கேள்வி: வழியில் வீணாகும் மின்சாரமும் உமிழ்வுக் கணக்கில் சேருமா?

பதில்: சேரும். கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் சூடாகிப் போக்கும் மின்சாரத்தை, நிறுவனம் தானே வாங்கிப் பயன்படுத்தியது போலக் கணக்கிடுவார்கள். பெரும்பாலான நிறுவனங்களுக்கு வாயுக் கசிவைவிட இதுதான் பெரிய எண். மின்னழுத்தத்தை இரட்டித்தால் அதே மின்சாரத்தை அனுப்பப் பாதி மின்னோட்டம் போதும், கம்பியில் இழப்பு கால்பங்காகும். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றால் ஒரு ரீங்காரம் கேட்கும் அல்லவா? லோட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரும்பு உள்ளகம் காந்தமேறி இறங்கும் சத்தம் அது. அந்த இழப்புக்கு இரவு பகல் கிடையாது. நல்ல உள்ளகம் போட்ட டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் வருடக்கணக்கில் மிச்சம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நிலக்கரி நிலையம் மூடிச் சூரிய மின்சாரம் வந்தால், வீணாகும் யூனிட் அதேதான், அதைத் தயாரிக்க வந்த புகைதான் குறைவு. அதனால் நிறுவனம் ஒரு போல்ட்டைக்கூடத் திருகாமலே அதன் ‘இழப்பு உமிழ்வு’ குறைந்துவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு. தொலைவிலுள்ள காற்றாலையிலிருந்து கொண்டுவந்தால் இழப்பு யூனிட் கூடலாம், நாட்டின் உமிழ்வு குறையலாம். அதனால் டன்னை மட்டும் பார்க்காமல் யூனிட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: நல்ல காற்றடிக்கும்போதே காற்றாலையை நிறுத்தச் சொல்கிறார்களே, இது அநியாயம் இல்லையா?

பதில்: எரிச்சலாகத்தான் இருக்கும். லைன் நிரம்பிவிட்டால் வேறு வழியில்லை. ஆனால் ‘நிரம்பியது’ என்பதற்கு வைத்திருக்கும் எல்லை, பல இடங்களில் வெயில் கொளுத்தி, காற்று மந்தமாக இருக்கும் நாளை மனதில் வைத்துப் போட்டது. காற்று வீசினால் கம்பியும் குளிரும், கூடுதலாகத் தாங்கும். லைனில் சென்சார் வைத்து அவ்வப்போதைய எல்லையைக் கணக்கிட்டால், புதுக் கோபுரம் இல்லாமலே கொஞ்சம் இடம் கிடைக்கும். காற்றாலையை நிறுத்த இன்னொரு காரணம், மின்கட்டமைப்பு நிலைகுலையாமல் இருக்கப் பெரிய சுழலும் இயந்திரங்கள் தேவைப்படுவது. தெற்கு ஆஸ்திரேலியாவில் இதற்காகவே எரிவாயு நிலையங்களை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2021இல் நான்கு சின்க்ரனஸ் கண்டென்சர்களை நிறுவினார்கள். எரிபொருள் எரிக்காமல் சும்மா சுழலும் ராட்சதப் பம்பரங்கள் அவை. ஓட்ட வேண்டிய எரிவாயு நிலையங்களின் எண்ணிக்கை குறைந்தது. என்னைக் கேட்டால், தொடரமைப்பு நிறுவனம் மார்தட்டிக்கொள்ள வேண்டிய வேலை இதுதான். ஆனால் அதன் சொந்த உமிழ்வுப் பட்டியலில் இதற்குத் தனி வரி இருக்காது.

கேள்வி: எஸ்எஃப்6க்கு மாற்று கிடையாதா?

பதில்: உண்டு. குறைந்த மின்னழுத்தங்களில், வாயுவுக்குப் பதில் வெற்றிடத்தில் ஆர்க்கை அணைக்கும் வெற்றிட பிரேக்கர் பல காலமாகவே இருக்கிறது. இப்போது சுத்திகரித்த உலர்காற்றோடு சேர்த்து உயர் மின்னழுத்தத்துக்கும் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 24 கிலோவோல்ட் வரையிலான புதுக் கருவிகளுக்கு 2026இல் தொடங்கி, 145 கிலோவோல்ட்டுக்கு மேற்பட்டவற்றுக்கு 2032 வரை, படிப்படியாகத் தடை வைத்திருக்கிறது. ஏற்கெனவே நிற்கும் பிரேக்கர்கள் இன்னும் பல ஆண்டுகள் நிற்கும். அதுவரை எடைமேடையும் சோப்புத் தண்ணீரும் கைவசம் இருக்கட்டும்.