மகன் எப்போதாவதுதான் கார் ஓட்டுகிறான், இன்சூரன்ஸில் அவன் பெயர் வேண்டுமா?

கேள்வி: வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக வேலை செய்கிறேன். என் பெயரில் ஒரு பெசா கார், என்சிடி (கிளெய்ம் செய்யாத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் கழிவு) 55 விழுக்காடு சேர்ந்திருக்கிறது. மகனுக்கு 19 வயது, பி லைசென்ஸ் (புது ஓட்டுநருக்கான தற்காலிக உரிமம்), ஈப்போவில் பாலிடெக்னிக் படிக்கிறான். சனி ஞாயிறு வீட்டுக்கு வந்தால் காரை எடுப்பான். எங்களோடு இருக்கும் அண்ணன் மகளுக்கு 23 வயது, முழு லைசென்ஸ் உண்டு, சில நாள் என் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போவாள். அடுத்த மாதம் ரோட்டெக்ஸ் (சாலை வரி) முடிகிறது. "பெயரெல்லாம் எதுக்கு, அப்படியே ரினியூ பண்ணிடலாம்" என்கிறார் ஏஜென்ட். பக்கத்து வீட்டுக்காரர் காரை மகன் பெயருக்கே மாற்றச் சொல்கிறார். எது சரி?

பதில்: இரண்டு பிள்ளைகளின் பெயரையும் எழுதுங்கள், கார் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். ஆனால் பெயர் எழுதியாச்சு, இனி கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் கையிலிருந்து பணம் போகக்கூடிய வழி வேறு.

முதலில் ஏஜென்ட் சொன்னது. அது பாதி சரி. உங்கள் அனுமதியோடு, செல்லுபடியாகும் லைசென்ஸோடு ஓட்டியவர் பெயர் பாலிசியில் இல்லை என்பதற்காக மட்டும் கிளெய்ம் செத்துப்போகாது. ஆனால் நம் மலேசியாவில் காம்பிரஹென்சிவ் (சொந்தக் காரின் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும்) பாலிசிகளில் வழக்கமாக ஒரு நிபந்தனை இருக்கும்: ஓட்டியவர் பெயர் பாலிசியில் இல்லையென்றாலோ, 21 வயதுக்குக் குறைந்தவர் என்றாலோ, எல் (ஓட்டப் பழகுபவர்) அல்லது பி லைசென்ஸ்காரர் என்றாலோ, சொந்தக் காரின் சேதத்துக்குக் கோரும்போது முதல் 400 ரிங்கிட்டை நீங்கள்தான் போட வேண்டும். இதைத்தான் எக்ஸஸ் என்கிறார்கள். இப்போது உங்கள் வீட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். அண்ணன் மகள் பெயரை எழுதினால் அந்த 400 விலகிவிடும். மகன் பெயரை எழுதினாலும் விலகாது, ஏனென்றால் அவனுக்கு வயதும் குறைவு, லைசென்ஸும் பி. பி லைசென்ஸ் காலம் இரண்டு வருடத்தில் முடிந்தாலும் 21 ஆகும் வரை அந்த 400 அவனைத் தொடரும். அப்படியிருக்க அவன் பெயரை ஏன் எழுதச் சொல்கிறேன்? யார் யார் ஓட்டுவார்கள் என்று நிறுவனம் கேட்கும்போது உண்மையைச் சொல்வது உங்கள் கடமை, 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்திலேயே அது இருக்கிறது. கூடுதல் பெயர் ஒன்றுக்கு வழக்கமாக 10 ரிங்கிட் அளவில்தான் ஆகும். இவ்வளவு சின்னத் தொகைக்காக, நாளைக்கு "மறைத்தீர்கள்" என்று யாரும் கேட்கும்படி வைத்துக்கொள்ள வேண்டாம். 2017 ஜூலையிலிருந்து காம்பிரஹென்சிவ் பிரீமியத்தை அந்தந்த நிறுவனமே முடிவு செய்கிறது, இளம் ஓட்டுநருக்கு ஒருவர் ஏற்றுவார், இன்னொருவர் ஏற்றமாட்டார். அதனால் இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள்.

சரி, பெரிய விஷயத்துக்கு வருவோம். உங்கள் 55 விழுக்காடு.

கணக்குக்காக, கழிவுக்கு முந்தைய பிரீமியம் 1,200 ரிங்கிட் என்று வைப்போம் (சேவை வரியும் 10 ரிங்கிட் முத்திரைத் தீர்வையும் தனி). இப்போது நீங்கள் கட்டுவது 540. மகன் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ரிவர்ஸ் எடுக்கும்போது பின் பம்பரைத் தூணில் இடித்துவிட்டான், பட்டறையில் 1,500 கேட்கிறார்கள். கிளெய்ம் செய்தால் 400 போக 1,100 வரும். அடுத்த வருடம் என்சிடி பூஜ்யம், முழு 1,200 கட்டுவீர்கள். அதற்கடுத்த வருடங்களில் 25, 30, 38.33, 45 விழுக்காடு என்று ஏறி 55க்கு வரும்வரை 900, 840, 740, 660. ஆக 540க்கு மேல் கூடுதலாகக் கட்டியது மொத்தம் 1,640 ரிங்கிட். 1,100 வாங்க 1,640 கொடுப்பது எந்த ஊர் நியாயம்? இந்த மாதிரி சேதத்தைச் சொந்தக் காசில் சரிசெய்துவிடுங்கள். அதற்காகவே 1,500, 2,000 ரிங்கிட் தனியாக ஒரு கணக்கில் இருக்கட்டும், ஈப்போவில் படிக்கும் பையன் சனிக்கிழமை சாவி கேட்கும் வீட்டில் இது அவசியம். மகன் இன்னொருவர் காரை இடித்து, அவர்கள் உங்கள் பாலிசியில் கோரினால் மட்டும் என்சிடியைக் காப்பது உங்கள் கையில் இல்லை. தப்பு முழுக்க எதிராளி மேல் என்றால் சொந்த நிறுவனத்திலேயே நாக் ஃபார் நாக் (அவரவர் கார் சேதத்துக்கு அவரவர் நிறுவனமே கொடுக்கும்) முறையில் கோரலாம், என்சிடி போகாது.

எது நடந்தாலும் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட். அதில் ஓட்டியவன் பெயரை மாற்றவே மாற்றாதீர்கள். நம் ஆட்கள் பலர் 400 ரிங்கிட்டை மிச்சம் பிடிக்க, "அப்பா ஓட்டினார்னு சொல்லிடலாம்" என்று காவல் நிலையத்து வாசலில் நின்று பேசி முடிவு செய்கிறார்கள். எனக்கு இதைக் கேட்டாலே வயிறு எரிகிறது. பொய்ப் புகார் குற்றம், உண்மை தெரிந்தால் கிளெய்ம் முழுவதும் போகும், அடிபட்ட ஆள் வழக்குப் போட்டால் அந்தப் பையன் கோர்ட்டில் நின்று பொய்யைக் காப்பாற்ற வேண்டும். 19 வயதுப் பிள்ளையை அதில் மாட்டிவிடாதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் யோசனை வேண்டாம். மகன் பெயரில் பாலிசி எடுத்தால் என்சிடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். உங்கள் 55 உங்களுக்கானது, காரோடு அவனுக்குப் போகாது. கார் கடன் முடியாவிட்டால் பேங்க் பெயர் மாற்றவும் விடாது. அவன் வேலைக்குப் போய்ச் சொந்தக் கார் வாங்கும்போது அவன் கணக்கை அவன் தொடங்கட்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் செம்பனை லோரி ஓடும் சாலையில் ஓட்டும் குடும்பம் என்பதால் சொல்கிறேன். காம்பிரஹென்சிவ் என்ற பெயரை நம்பி நிறைய பேர் எல்லாம் அதில் அடங்கும் என்று நினைக்கிறார்கள். ஓட்டுகிறவர் கை கால் உடைந்தால் அந்தப் பாலிசி ஒன்றும் தராது. ஓட்டுநருக்கும் பயணிகளுக்கும் சேர்த்துத் தனிநபர் விபத்துக் காப்புறுதி தனியாகக் கிடைக்கும். காரில் பாட்டியும் உட்காருகிறார், அதை எடுங்கள்.

ஏஜென்ட் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் பழையபடியே ரினியூ செய்துவிடுவார், நடப்பதுதான். பாலிசி வந்ததும் ஓட்டுநர் பட்டியல் இருக்கும் பக்கத்தைத் திறந்து இரண்டு பெயரும், அடையாள அட்டை எண்ணும் சரியா என்று பாருங்கள், எக்ஸஸ் எவ்வளவு போட்டிருக்கிறது என்றும் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் பாலிசி நடுவிலும் பெயர் சேர்க்கலாம், அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.