பழைய கதவு சென்சார் புதிய ஹப்பில் தென்படவில்லையா?

வீட்டின் ஸ்மார்ட் கருவிகளை ஒருங்கிணைக்கும் ஹப்பை மாற்றி, பழையதை அணைத்த பிறகும் கதவு சென்சார்கள் புதியதில் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய ஹப்பை அணைத்தது போதாது, சென்சாரையே ரீசெட் செய்ய வேண்டும். ஜிக்பீ (குறைந்த மின்சக்தியில் இயங்கும் கம்பியில்லாத் தொடர்பு நுட்பம்) கதவு சென்சார்கள் புதிய ஹப்பின் தேடலில் வராததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரு ஜிக்பீ கருவி ஒரு நேரத்தில் ஒரே வலையமைப்பில்தான் இருக்கும். பழைய வலையமைப்பின் விவரம் அதன் நினைவகத்தில் இருக்கும்வரை, பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அது பழைய ஹப்பையே தேடும்.

முதலில் புதிய ஹப்பில் இணைப்பு முறையைத் திறந்துவிடுங்கள். பிறகு சென்சாரின் பொத்தானை விளக்கு சிமிட்டும்வரை அழுத்திப் பிடியுங்கள். பல மாடல்களில் 5 முதல் 10 விநாடி ஆகும். சிலவற்றில் பொத்தான் ஊசி மட்டும் நுழையும் துளைக்குள் ஒளிந்திருக்கும். இதை ஹப்பிலிருந்து ஓரிரு மீட்டருக்குள் வைத்துச் செய்யுங்கள். பேட்டரி சென்சார்கள் இணையும் நடுவிலேயே உறங்கிவிடும். இரண்டு விநாடிக்கு ஒருமுறை பொத்தானை லேசாகத் தட்டி விழிக்க வையுங்கள். பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

அப்படியும் வரவில்லை என்றால், ஜிக்பீ டாங்கிள் (ஹப்பில் செருகும் சிறிய ஜிக்பீ ரேடியோ) யூஎஸ்பி 3.0 போர்ட்டில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் போர்ட், ஜிக்பீ பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிள் போட்டு டாங்கிளைத் தள்ளி வையுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: ரீசெட் செய்த சென்சார் பழைய ஹப்பிலிருந்து விலகிவிடும், அங்கே அதை நம்பியிருந்த தானியங்கி விதிகளும் நின்றுபோகும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றாமல், ஒரு சென்சாரைச் சேர்த்து ஒரு நாள் ஓடவிட்டுப் பாருங்கள்.