ஆஸ்திரேலியாவில் நடக்கும் சர்வதேச கிளைடர் போட்டிக்கு எப்படித் தயாராவது? தரைக்குழு இல்லாமல் தனியாகப் போக முடியுமா?

முடியாது. "முடியும், நானே போயிருக்கிறேன்" என்று யாராவது சொன்னால், எஞ்சின் இல்லாத அந்த விமானத்துக்கு மேலெழும் காற்றுக் கிடைக்காமல் அவர் வயலில் இறங்கிய அன்றிரவு, கிளைடரைக் கழற்றி டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தது யார் என்று கேளுங்கள். கட்டாயம் ஒரு பெயர் வரும்.

உங்களைப் பற்றி நானாக ஊகித்துக்கொண்டது இது: சிட்னி அல்லது மெல்போர்ன் பக்கம் வேலை. வார இறுதிகளில் கிளப்பில் பறக்கிறீர்கள். கிளைடர் விமானிகளுக்கான வெள்ளி பேட்ஜுக்கு வேண்டிய 50 கிலோமீட்டர் தூரம், ஐந்து மணி நேரம், 1,000 மீட்டர் உயர ஏற்றம் மூன்றையும் முடித்துவிட்டீர்கள். 300 கிலோமீட்டரும் பறந்திருப்பீர்கள். இப்போது பெரிய போட்டி ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறீர்கள்; கிளைடர் வாடகை, அதை மேலே இழுத்துச் செல்லும் விமானத்துக்கான கட்டணம், தங்குமிடம் எல்லாம் சேர்ந்து தொகை ஏறிக்கொண்டே போகிறது; எதைக் குறைக்கலாம் என்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது உடன் வரும் ஆள். அங்கேதான் எனக்கு மனம் சுடுகிறது.

நான் போட்டி விமானி அல்ல. கிளப் அளவில் பறப்பவள். 2020 ஜனவரியில் நியூ சவுத் வேல்ஸில் லேக் கீப்பிட்டில் நடந்த மகளிர் உலக கிளைடர் சாம்பியன்ஷிப்பில், ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு வீராங்கனைக்குத் தரைக்குழுவாக இருந்தேன். "போட்டியில் பறக்காதவருக்கு இதில் என்ன தெரியும்" என்று கீழே எழுத நினைப்பவர்கள் தயவுசெய்து கேள்வியின் இரண்டாம் பகுதியைப் படித்துவிட்டு எழுதுங்கள். காற்றில் எப்படி வேகமாகப் பறப்பது என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பறப்பது பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலக சாம்பியன்ஷிப்புக்குத் தனிநபராகப் பெயர் கொடுக்க முடியாது. உங்கள் நாட்டின் தேசிய அமைப்பு உங்களை அனுப்ப வேண்டும். போட்டி விதிகள் சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஏ.ஐ.யின் விளையாட்டு விதித்தொகுப்பின் மூன்றாம் பிரிவில், இணைப்பு 'ஏ'யில் இருக்கின்றன. அதோடு அந்தந்தப் போட்டிக்கென்று உள்ளூர் நடைமுறைகளும் வெளியிடப்படும். இரண்டையும் அச்செடுத்துப் படியுங்கள். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் கோடையில் மேகங்களின் அடிப்பகுதி 10,000 அடி உயரத்துக்கு மேல் போகும் நாட்கள் உண்டு. அந்த உயரத்துக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். ஐரோப்பாவில் பழகியவர்கள் ஆக்சிஜன் கருவியை மலைப் பறப்புக்கு மட்டும் எடுப்பார்கள். இங்கே சமவெளியில் சாதாரண ஒரு பிற்பகலிலேயே அது தேவைப்படும். உயரமானி அடிக் கணக்கிலும் வேகமானி 'நாட்' (knot) கணக்கிலும் காட்டும். மீட்டரில் யோசித்துப் பழகிய தலைக்கு அது சில நாட்களில் பிடிபடாது. ஆகவே முந்தைய கோடையிலேயே வந்து அதே இடத்தில் பறந்து பாருங்கள். ஜெர்மனியில் பிறந்து ஆஸ்திரேலியராகிவிட்ட இங்கோ ரென்னர் நான்கு முறை உலக சாம்பியன் ஆனவர். அதில் 1987 வெற்றி விக்டோரியாவின் பெனல்லாவில் கிடைத்தது. ஆண்டுக்கணக்கில் அவர் பறந்து பழகிய டோகும்வால் அங்கிருந்து அதிக தூரமில்லை. இந்த வானத்தைத் தெரிந்துவைத்திருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இடிமேகத்தை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லேக் கீப்பிட்டுக்குப் பக்கத்தில்தான் மனில்லா இருக்கிறது. 2007 பிப்ரவரியில் அங்கே பாராகிளைடிங் உலகப் போட்டிக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்த ஜெர்மன் வீராங்கனை ஏவா விஷ்னியர்ஸ்காவை ஒரு இடிமேகம் ஏறக்குறைய 9,900 மீட்டர் உயரத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. அவர் பிழைத்தது அதிசயம். அதே நாளில் இன்னொரு வீரர் உயிரிழந்தார்.

இனி தரைக்கு வருகிறேன்.

எங்கள் வீராங்கனை ஸ்டாண்டர்ட் வகுப்பில் பறந்தார். 15 மீட்டர் இறக்கை, அதில் 'ஃபிளாப்' எனும் அசையும் தகடு கிடையாது, அதிகபட்ச எடை 525 கிலோ. அந்த எல்லையைத் தொடுமளவுக்கு இறக்கைக்குள் தண்ணீர் நிரப்புவார்கள். கனமான கிளைடர் அதே சறுக்குக் கோணத்தில் வேகமாகப் போகும் என்பதால்தான் இது. அந்தத் தண்ணீரை யார் நிரப்புவது? காலையில் வெயில் ஏறுவதற்கு முன் குழாயும் அளவுக் கலனுமாக நின்று, இரு பக்கமும் சமமாக நிரப்பி, எடை பார்க்கும் இடத்துக்கு இழுத்துப் போய், அங்கிருந்து புறப்பாட்டு வரிசைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, கண்ணாடி மூடியின் மேல் வெள்ளைத் துணி போர்த்திவிட்டு வர வேண்டும். அந்த நேரத்தில் விமானி வானிலை விளக்கக் கூட்டத்தில் இருப்பார். இருக்கத்தான் வேண்டும். ஒரே ஆள் இரண்டு இடத்திலும் இருக்க முடியாது.

அந்த ஜனவரி எப்படிப்பட்டது என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். 4ஆம் தேதி சிட்னிக்கு மேற்கே பென்ரித்தில் 48.9 டிகிரி. மாநிலம் முழுவதும் காட்டுத்தீ. கீப்பிட் அணை வறட்சியில் ஏறக்குறைய வற்றிக் கிடந்தது. ஏரியின் பெயரைத் தாங்கிய விமானத்தளத்திலிருந்து பார்த்தால் வெடித்த சேறுதான் தெரிந்தது. புறப்பாட்டு வரிசையில் நிற்கும் விமானிக்கு நிழல் பிடிப்பதும், "குடித்தீர்களா" என்று திரும்பத் திரும்பக் கேட்பதும் சின்ன வேலையாகத் தோன்றும். நீரிழப்போடு நாலைந்து மணி நேரம் கிளைடருக்குள் உட்கார்ந்திருப்பவர் மூன்றாவது மணியில் தவறாக முடிவெடுப்பார். ஒரு தவறான முடிவு ஒரு நாளின் புள்ளிகளையே கொண்டுபோய்விடும்.

நெருஞ்சியையும் சொல்ல வேண்டும். ஆம், நம் ஊர் நெருஞ்சியேதான். நியூ சவுத் வேல்ஸின் உட்பகுதிகளில் அது தரையெல்லாம் படர்ந்து கிடக்கும். சக்கரத்தில் ஏறினால் காற்று மெல்ல இறங்கும்; காலையில்தான் தெரியும். ஒவ்வொரு நாளும் விடிந்ததும் என் முதல் வேலை கிளைடர், அதன் வாலைத் தாங்கும் சிறு வண்டி, டிரெய்லர், கார் என்று எல்லாச் சக்கரங்களையும் கையால் தடவி முள் எடுப்பது.

வயலில் இறங்கிய அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு என் உண்மையான பதில் அதுதான். போட்டியின் பிற்பாதி. அன்றைய பாதை மேற்கே போய் நாராப்ரை பக்கம் திரும்பி வருவது. நடுவில் பில்லிகா காடு இருக்கிறது. அதற்குள் இறங்க இடமே கிடையாது. மதியத்துக்குப் பிறகு மேற்கிலிருந்து புகை வந்து சூரியனை மறைத்தது. தரை சூடாகாவிட்டால் தெர்மல், அதாவது கிளைடரைத் தூக்கும் வெப்பக் காற்று, எழாது. மாலை நான்கு மணிக்கு மேல் வானொலியில் அவர் குரல் தணிந்து, எண்கள் மட்டும் வரத் தொடங்கின. பிறகு அதுவும் நின்றது. கைபேசிக்குச் சிக்னல் இல்லாத இடம். செயற்கைக்கோள் கருவியிலிருந்து ஒரு செய்தி வந்தது: நலம், கிளைடருக்குச் சேதமில்லை, இதுதான் இடம்.

டிரெய்லர் விடியற்காலையிலேயே காரில் பூட்டப்பட்டிருந்தது. பெட்ரோல் நிரம்பியிருந்தது. இரண்டு உபரி டயர், இருபது லிட்டர் குடிநீர், டார்ச், காகித வரைபடம், சாப்பாடு எல்லாம் உள்ளே. கிளப்பைச் சேர்ந்த ஒரு மாணவனும் நானும் உடனே கிளம்பிவிட்டோம். போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. வாயில் கதவு பூட்டியிருந்தது. பண்ணைக்கார அம்மாள் தன் வண்டியில் வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி யாருக்காவது அடிபட்டதா என்பது. இரண்டாவது, கிழக்குக் கதவைத் திறக்க மாட்டீர்களே என்பது. அந்தப் பக்கத்தில் அவருடைய ஆடுகள் இருந்தன. புல் இல்லாமல், விலைக்கு வாங்கிய தீவனத்தைக் கையால் போட்டு அவற்றைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அந்த நிலைமையில் இருப்பவரின் நிலத்தில் நாம் விளையாட்டுக்காக வந்து இறங்கியிருக்கிறோம் என்பதை எப்போதும் நினைவில் வையுங்கள். திறந்திருந்த கதவு திறந்தே இருக்க வேண்டும், மூடியிருந்தது மூடியே இருக்க வேண்டும். எந்தக் கதவையும் தொடுவதற்கு முன் கேட்க வேண்டும்.

நிலம் கரிசல். நான் கோவில்பட்டிக்காரி, கரிசல் காய்ந்தால் எப்படி வெடிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காரை நேராக உள்ளே விடலாம் என்று மாணவன் சொன்னான். நான் விடவில்லை. டார்ச்சோடு முன்னால் நடந்து, வெடிப்பு குறைந்த தடம் பார்த்து, காரை என் பின்னால் அங்குலம் அங்குலமாக வரச் சொன்னேன். கிளைடர் பக்கம் போனதும் வீராங்கனை சொன்னார்: முதலில் தேர்ந்தெடுத்தது பக்கத்து வயலைத்தானாம், கடைசி நேரத்தில் வீட்டருகே தனியாக நின்ற ஒரு கம்பத்தைப் பார்த்ததும் மாற்றிக்கொண்டாராம். இங்கே கிராமப்புறங்களில் ஒற்றைக் கம்பி மின்தடங்கள் உண்டு. ஒரே கம்பி, கம்பங்களுக்கு நடுவே நெடுந்தூரம், மேலிருந்து கம்பி கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கம்பத்தைத் தேடு, வீட்டைப் பார்த்தால் அதற்கு மின்சாரம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று யோசி என்று பயிற்சி நாட்களிலேயே இங்குள்ள மூத்தவர்கள் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். தனியாக வந்து தனியாகப் பறந்திருந்தால் இதை யார் சொல்லியிருப்பார்கள்?

மூவருமாகத் தண்ணீரின் மிச்சத்தை வடித்து, இறக்கைகளைக் கழற்றி ஏற்றினோம். திரும்பும் வழி முழுவதும் அவர் பின் இருக்கையில் தூங்கினார். தளத்துக்கு வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. அவரைப் படுக்கப் போகச் சொல்லிவிட்டு, பறப்புப் பதிவை ஒப்படைக்கும் வேலையை நான் பார்த்துக்கொண்டேன். விடிந்ததும் நாங்களே இறக்கைகளை வெளியே எடுத்துத் துடைத்து, அவர் வந்தபின் பூட்டி, கட்டுப்பாட்டுச் சோதனை செய்தோம். அந்தச் சோதனையில் ஒருவர் உள்ளே உட்கார்ந்து கட்டுப்பாட்டுத் தடியை அசைக்க, இன்னொருவர் வெளியே நின்று இறக்கையில் அந்தந்தப் பரப்பைக் கையால் தடுத்துப் பார்க்க வேண்டும். தனி ஆளால் அதைச் செய்யவே முடியாது. இது பாதுகாப்பு விஷயம், செலவுக் கணக்கு அல்ல. அன்று அவர் தூங்கி எழுந்த முகத்தோடு பறந்து, பாதையை முழுதாக முடித்தார்.

எல்லாப் போட்டியிலும் தரைக்குழு கட்டாயமா என்று சிலர் கேட்கலாம். எஞ்சின் பொருத்திய கிளைடர் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தாமே திரும்பிவிடுவார்கள் என்பது உண்மை. ஆனால் எஞ்சின் கிளம்பாத நாளும் உண்டு. அதை நம்பி டிரெய்லரைப் பூட்டாமல் விடுபவரைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். அந்த இரண்டு வாரம் விடுப்புக் கேட்டபோது நான் வேலை பார்த்த இடத்தில் நடந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் நாட்களில் எல்லோருக்கும் பதிலாக வேலை செய்தது நான். "உனக்குத்தான் இந்தப் பண்டிகை இல்லையே" என்பார்கள்; சரி என்பேன். ஆனால் என் பொங்கல் ஜனவரி 15இல் வருகிறது என்பது அங்கே ஒருவர் நினைவிலும் நின்றதில்லை. அந்த ஆண்டு, பொங்கலும் உள்ளே வரும்படி, மாதக்கணக்கில் முன்னதாகவே எழுதிக் கேட்டேன். "விளையாட்டுக்கா? அதுவும் நீ விளையாடவில்லையே?" என்று கேட்டார் மேலாளர். சம்பளமில்லா விடுப்பாகத்தான் கிடைத்தது. பொங்கலன்று முழு நெருப்புத் தடையை நினைத்து வெளியே அடுப்பு வைக்காமல், தங்கியிருந்த அறையில் மின் குக்கரில் பொங்கல் வைத்தேன். எங்கள் வீராங்கனை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். பிறகு ஊர்ச் சங்க விழாவில் ஒருவர் "அப்படியென்றால் நீங்கள் டிரைவரா" என்று கேட்டார். ஓட்டுநர் வேலையில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் நாங்கள் செய்தது என்ன என்று ஒரு நிமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட அவருக்குப் பொறுமை இல்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். கிளைடரை வாடகைக்குப் பேசுவதற்கு முன் இரண்டு பேரைப் பேசி முடியுங்கள். போட்டி நடக்கும் இடத்துக்கு அருகிலுள்ள கிளப்புகளுக்கு ஓராண்டு முன்பே எழுதினால் ஆள் கிடைப்பார்கள். நானும் அப்படி ஒரு கடிதத்தால்தான் போனேன். அவர்களுடைய சாப்பாடு, தங்குமிடம், பெட்ரோல் உங்கள் பொறுப்பு. உங்கள் பட்ஜெட்டில் முதல் வரியாக அதை எழுதுங்கள். போட்டிக்கு முன் அவர்களோடு சேர்ந்து கிளைடரை இருட்டில் ஒரு முறையாவது கழற்றிப் பூட்டிப் பாருங்கள். பரிசளிப்பு மேடையில் உங்களுக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தால் அவர்கள் பெயரைச் சொல்லுங்கள்.

நியூ சவுத் வேல்ஸில் நடக்கிற போட்டியாக இருந்து, ஆள் கிடைக்கவில்லை என்றால் இங்கேயே பின்னூட்டத்தில் கேளுங்கள். விடுப்புக் கிடைத்தால் நான் வருகிறேன். டிரெய்லருக்குப் புது டயர் போட்டிருக்க வேண்டும், பின்விளக்குகள் எரிய வேண்டும்.