மூணு வேலை சொன்னா ஒண்ணுதான் நிக்குது, மூளைப் பயிற்சி வகுப்புல சேர்க்கலாமா?

பினாங்கு பாயான் பாருல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. மகன் தமிழ்ப்பள்ளியில ஆண்டு 3, போன வருஷம் டாக்டர் ஏடிஎச்டின்னு, அதாவது கவனம் ஒரு இடத்துல நிக்காத பிரச்சனைன்னு, சொல்லிட்டாங்க. "மேல போய் சட்டை மாத்திட்டு பேக்கை எடுத்துக்கிட்டு தண்ணி போத்தலையும் கொண்டு வா"ன்னு சொன்னா சட்டையை மட்டும் மாத்திட்டு அங்கேயே உக்காந்து எதையாவது நோண்டிக்கிட்டு இருக்கான், கணக்குல பாதியில வந்த நம்பர் மறந்துடுது. இப்ப ஒரு சென்டர்ல கம்ப்யூட்டர் மூளைப் பயிற்சி, 3,000 வெள்ளி (ரிங்கிட்) பேக்கேஜ், ஞாபக சக்தி கூடும்னு சொல்றாங்களாம், சேர்க்கலாமான்னு கேள்வி.

நேரா சொல்லிடுறேன்மா, அந்தப் பணத்தைக் கட்டாதீங்க. ஏன்னு சொல்றேன், அதுக்குப் பதிலா வீட்டுலயே என்ன பண்ணலாம்னும் சொல்றேன்.

முதல்ல, உங்க மகனுக்கு ஞாபக சக்தியே இல்லன்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க. தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை போனப்ப எந்தப் பந்தல்ல என்ன கொடுத்தாங்கன்னு கேட்டுப் பாருங்க, உங்களுக்கு மறந்ததைக்கூட சொல்லுவான். அது வேற, இது வேற. இவன் தடுமாறுறது வொர்க்கிங் மெமரியில, அதாவது ஒரு விஷயத்தைக் கொஞ்ச நேரம் மனசுல பிடிச்சு வச்சுக்கிட்டே அதை வச்சு வேலையும் செய்றது. 78ல இருந்து 39ஐ மனக்கணக்கா கழிக்கணும்னா ரெண்டு நம்பரையும் பிடிச்சு வைக்கணும், கடன் வாங்கினதையும் மறக்கக் கூடாது, அதுக்கு நடுவுல கழிக்கவும் செய்யணும். பெரியவங்களுக்கே ஒரே நேரத்துல நாலு விஷயம் அளவுக்குத்தான் நிக்கும்னு நெல்சன் கோவன்ங்கிற உளவியல் ஆய்வாளர் 2001ல எழுதினார். சின்னப் பிள்ளைங்களுக்கு அதைவிடக் கம்மி, பதின்ம வயசு வரைக்கும் மெதுவா வளரும். ஏடிஎச்டி இருக்கிற பிள்ளைங்க நிறைய பேருக்கு இது வயசுக்கு ஏத்த அளவு இருக்கிறதில்ல, அதோட கவனம் கொஞ்சம் திரும்பினாலே பிடிச்சு வச்சது நழுவிடும். சட்டை மாத்தும்போது ஜன்னல் பக்கம் ஒரு பூனை போச்சுன்னா பேக்கும் போத்தலும் மனசுல இருந்து போயே போச்சு. வேணும்னே பண்றான், கொழுப்புன்னு திட்டாதீங்க, உண்மையிலேயே அந்த நேரம் அவன்கிட்ட அது இல்ல.

இப்ப அந்தப் பயிற்சி விஷயம். 2002ல ஸ்வீடன்ல டார்கெல் கிளிங்பெர்க் குழு ஏடிஎச்டி பிள்ளைங்களுக்கு கம்ப்யூட்டர்ல இந்த மாதிரி பயிற்சி கொடுத்து முன்னேற்றம் தெரியுதுன்னு எழுதினாங்க, அதுக்கப்புறம் கோக்மெட் மாதிரி புரோகிராமெல்லாம் பல நாட்டுக்குப் பரவுச்சு, எல்லாருக்கும் பெரிய நம்பிக்கை. ஆனா 2013ல மோனிக்கா மெல்பி-லெர்வாக், சார்ல்ஸ் ஹியூம் ரெண்டு பேரும் 23 ஆய்வுகளைச் சேர்த்து வச்சுப் பார்த்தப்ப, பயிற்சி முடிஞ்ச கையோட அதே மாதிரி ஞாபக டெஸ்ட்ல பிள்ளைங்க நல்லா செய்றாங்க, ஆனா வாசிப்பு, கணக்கு இதுக்கெல்லாம் அந்தப் பலன் போய்ச் சேரலன்னு தெரிஞ்சது. அதாவது அந்த கேம்ல கெட்டிக்காரனாயிடுவான், பேக்கை மறக்கிறது மறக்கிறதுதான். கண்ணைக் கட்டிக்கிட்டுப் படிக்க வைக்கிறோம்னு சொல்ற வகுப்பு பக்கமே போகாதீங்க. வல்லாரை, நம்ம ஊர் பெகாகா, அது நல்ல கீரை, சாப்பாட்டுல தாராளமா கொடுங்க, ஆனா இந்தப் பிரச்சனைக்கு மருந்துன்னு நினைச்சுக் கொடுக்க வேணாம்.

சரி என்னதான் பண்றது. அவன் மனசுல தூக்கிட்டு நடக்க வேண்டியதை வெளிய எடுத்து கண்ணுக்கு முன்னால வைக்கணும், அதுவும் வேலை நடக்கிற இடத்துலயே. ஏடிஎச்டி பத்தி நிறைய எழுதின ரஸல் பார்க்லி திரும்பத் திரும்பச் சொல்றது இதைத்தான். ஃபிரிட்ஜுல ஒட்டின டைம்டேபிள் மாடியில இருக்கிற பிள்ளைக்கு உதவாது. வாசக்கதவுல, அவன் கண்ணு மட்டத்துக்கு, பேக், போத்தல், பிஜே (உடற்கல்வி) சட்டை, காசுன்னு படமா வரைஞ்சு ஒட்டுங்க, அவனையே வரையச் சொல்லுங்க, ஒவ்வொண்ணா எடுத்ததும் ஒரு காந்த பட்டனை நகர்த்தட்டும்.

சொல்ற விதமும் மாறணும். சமையக்கட்டுல இருந்து கத்தினா பாதிதான் போய்ச் சேரும். பக்கத்துல போய் தோளைத் தொட்டு, பேரைச் சொல்லி, ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்க, "இப்ப என்ன செய்யப் போற"ன்னு கேட்டு அவன் வாயாலயே சொல்ல வைங்க, முடிச்சதும் அடுத்தது. பழகினப்புறம் ரெண்டா கொடுங்க. ஆரம்பத்துல உங்களுக்கு நேரம் கூட ஆகும், காலையில அவசரத்துல எரிச்சல் வரும், ஆனா நாலு தடவை கத்துறதுக்குப் போற நேரத்தைவிட இது கம்மிதான்.

கணக்குக்கு மேசையில ஒரு குட்டி வெள்ளைப் பலகை வைங்க. பிரச்சனைக் கணக்கை ஒரு வரி படிச்சதும் அதுல உள்ள நம்பரை எழுதிடட்டும், நடுவுல வர்ற விடையையும் எழுதட்டும், விரல் விட்டு எண்ணினா தடுக்காதீங்க. வாய்ப்பாட்டை மட்டும் தினம் அஞ்சு நிமிஷம், அஞ்சே நிமிஷம், பழக வைங்க, இதுல செலவழிக்கிற உழைப்பு வீண் போகாது. மாமாக் சாப்பாட்டுக் கடையில எட்டு பேர் ஆர்டரை எழுதாமலே கொண்டு வந்து வைக்கிற அண்ணனுக்கு மூளை பெருசா இருக்கிறதால இல்ல, தே ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத டீ, இதெல்லாம் பழகிப் பழகி ஒரே துண்டா மனசுல நிக்குது, அதே மாதிரி 7 பெருக்கல் 8 தானா வந்துட்டா மிச்ச இடம் கணக்கை யோசிக்கக் கிடைக்கும்.

நம்ம பிள்ளைங்களுக்கு மூணு மொழி வேற. மலாய் பத்தியைப் படிக்கும்போது சொல்லுக்கு அர்த்தம் தேடுறதுலயே எல்லாம் செலவாகி, முதல் வரியில என்ன வந்ததுன்னு மறந்துடும். அந்தக் கதையை முன்னாடியே தமிழ்ல சொல்லிட்டு அப்புறம் படிக்கக் கொடுங்க. வீட்டுல தமிழை நிறுத்திட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுங்கன்னு சில பேர் சொல்லுவாங்க, செய்யாதீங்க, ரெண்டு மூணு மொழி பேசுறதால ஏடிஎச்டி வர்றதில்ல.

தூக்கம். 6 வயசுல இருந்து 12 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 9ல இருந்து 12 மணி நேரம் தூங்கணும். காலையில 6 மணிக்கு எழுப்புறீங்கன்னா ராத்திரி 9 மணிக்கு தூங்கியிருக்கணும், ஒன்பது மணி வரைக்கும் டியூஷன் போனா இது எப்படி நடக்கும்? ஒண்ணைக் குறைக்கணும்னா நான் டியூஷனைத்தான் குறைக்கச் சொல்லுவேன்.

மருந்து பத்தி நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். மெத்தில்ஃபெனிடேட் மாதிரி மருந்து நிறைய பிள்ளைங்களுக்கு கவனம் நிக்க உதவுது, உங்க மகன் வயசுல அது டாக்டரோட உக்காந்து பேச வேண்டிய விஷயம், பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேட்டு முடிவு பண்றது இல்ல. பசி குறையுதா, தூக்கம் கெடுதான்னு பார்க்கணும். ஃபாலோ-அப் விட்டுப்போயிருந்தா கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்க சுகாதார கிளினிக்) போய் ரெஃபரல் லெட்டர் வாங்கி அரசாங்க ஆஸ்பத்திரியில காட்டுங்க, பிரைவேட்டுக்குத்தான் போகணும்னு இல்ல. அப்படியே காதும் கண்ணும் ஒரு தடவை செக் பண்ணிடுங்க, சரியா காதுல விழாத பிள்ளையும் சொன்னதை மறந்த மாதிரிதான் தெரியும்.

டீச்சர்கிட்ட பேசும்போது "கவனிச்சுக்குங்க"ன்னு பொதுவா சொல்லாதீங்க, அவங்களுக்கு வகுப்பு பூரா பிள்ளைங்க. மூணே மூணு கேளுங்க: முன் வரிசையில இடம், போர்டுல இருக்கிறதை முழுசா காப்பி பண்ண வைக்காம ஒரு பிரதியோ போன்ல ஒரு படமோ, வீட்டுப்பாடத்தை வாயால சொன்னா போதாது, நோட்டுல எழுதியிருக்கான்னு ஒரு பார்வை. வீட்டுல முதல்ல கதவுப் படத்தை மட்டும் ஆரம்பிங்க, அது பழக்கமாகட்டும், மத்ததையெல்லாம் அப்புறம் ஒண்ணொண்ணா சேர்த்துக்கலாம்.